வாய்க்கால் மேல் ஒரு வீடு

கோச்சடையைத் தாண்டி மேற்கே போகிற ரோட்டில் நான் மனை வாங்கினேன். முந்தின போகம் வரைக்கும் அங்கே நெல் விளைந்தது. எழுபதுகளின் பின்பாதி. மதுரை அப்போது நாலா பக்கமும் பிதுங்கிக்கொண்டிருந்தது. நகரம் வளர்கிறது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். நான் பார்த்தவரைக்கும் அது தானாக வளரவில்லை. ஒரு புரோக்கர் சைக்கிளில் ஏறி முன்னால் போவார், நகரம் மூச்சிரைக்கப் பின்னால் ஓடும்.

எங்கள் புரோக்கர் என்னை வரப்பில் நிறுத்தி வைத்து, "இன்னும் ரெண்டே வருசம் சார், உங்க வாசல்ல பஸ் நிக்கும்" என்றார். அப்போது வாசலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஒரு கொக்கு நின்றது. நான் நம்பினேன். நிறையப் புத்தகம் படிக்கிறவனுக்கு இப்படி ஒரு கேடு உண்டு, இல்லாததைக் கண்ணால் பார்க்கும் பழக்கம் வந்துவிடும்.

என் மனைவி ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்தாள். அக்கம்பக்கத்தில் அவள் 'டீச்சர்', நான் 'டீச்சர் வீட்டுக்காரர்'. ஆபீசில் எனக்கென்று ஒரு நாற்காலியும் பதவிப் பெயரும் இருந்தும், அது கோச்சடை வரைக்கும்கூட வந்து சேரவில்லை. பத்திரம் முடித்துவிட்டு வந்தபோது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போகும்னு கேட்டீங்களா?"

நான் பஸ் எந்தப் பக்கம் வரும் என்றுதான் கேட்டிருந்தேன்.

வீடு கட்டக் கொத்தனார் ஒருவர் அமைந்தார். மனைகளுக்குத் தெற்கே, வயல்களில் கூலி வேலை பார்த்தவர்களின் தெரு ஒன்று இருந்தது. அந்தத் தெருக்காரர். நாற்பதை நெருங்கிய வயது, கறுத்த முறுக்கேறிய உடம்பு, வாய் மட்டும் ஓயாது. அவரும் அவர் அப்பாவும் இதே வயல்களில் ஏர் ஓட்டியவர்கள். நிலம் பிளாட் ஆனதும் அப்பா வீட்டில் உட்கார்ந்துவிட்டார், மகன் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். அதில் அவருக்குத் துக்கம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

"ஏர் புடிச்ச காலத்துல நெலத்துக்காரவுக வாசல்ல போயி நிப்போம் சார். இப்ப நாங்க வந்தாத்தான் வாசலே" என்பார்.

வீட்டின் வரைபடத்தைக் காட்டியபோது ஒரு அறையைத் தொட்டு, "இது என்ன சார்?" என்றார். படிக்கிற அறை என்றேன். "படிச்ச வரைக்கும் போதாதா சார்?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "சரி, கட்டிருவோம். பின்னால நெல்லுப் போட்டு வைக்க ஆகும்" என்றார்.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டின அன்று நானும் போயிருந்தேன். மனையின் நடுவாக்கில் கடப்பாரை சட்டென்று உள்ளே இறங்கியது. மற்ற இடத்தில் கெட்டியான களிமண். இங்கே மட்டும் கருத்த வண்டல், தோண்டத் தோண்ட ஈரம், உடைந்த நத்தை ஓடுகள். கொத்தனார் குழிக்குள் இறங்கி ஒரு கை மண்ணை அள்ளிப் பார்த்தார்.

"சார், இது வாய்க்காலு."

"என்ன வாய்க்கால்?"

"ஆத்துலேருந்து வர்ற வாய்க்காலு. பிளாட்டுப் போட்டவுக மண்ணப் போட்டுத் தூத்துட்டாக. அது உங்க ஹால் வழியாப் போகுது."

கையிலிருந்த மண்ணைக் குழிக்குள்ளேயே உதறினார். பிறகு சொன்னார். "எங்க ஆளுகளத் தூக்கிட்டுப் போன வழியும் இதான் சார்."

அன்று அவர் சொன்னதும், பிறகு நானே கேட்டுத் தெரிந்துகொண்டதும் இதுதான். அவர்கள் தெரு தெற்கே. சுடுகாடு வடக்கே, வைகைக் கரையில். நடுவில் வயல். கிழக்கே ஊர்த்தெரு இருந்தது, அதில் அவர்கள் பிணம் போகக்கூடாது. வரப்புகள் நிலத்துக்காரர்களுடையவை, அதிலும் போகக்கூடாது. வாய்க்கால் மட்டும்தான் மிச்சம். ஆகவே பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்காலுக்குள்ளேயே இறங்கி ஆறு வரைக்கும் நடப்பார்கள். கோடையில் சரி. ஐப்பசி, கார்த்திகையில் செத்தால் இடுப்பளவுத் தண்ணீர். அப்படிச் சாவு விழுந்தால் வீட்டு ஆள் ஒருவர் போய், கொஞ்ச நேரம் மடையை அடைத்துக் கொடுங்கள் என்று நிலத்துக்காரரிடம் கேட்க வேண்டும்.

இது எனக்குப் புதிது என்று சொல்ல முடியாது. எனக்குச் சொந்த ஊர் எழுமலைப் பக்கம், நாங்கள் மடையின் இந்தப் பக்கத்து ஆட்கள். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் எங்கள் வாசலுக்கு வெளியே நின்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். என் பெரியப்பா மாட்டேன் என்று சொன்னதே இல்லை. ஆனால் உடனே சரி என்றும் சொன்னதில்லை. சாப்பிட்டு முடிப்பார். வெற்றிலை போடுவார். துப்பிவிட்டு வருவார். அதுவரைக்கும் பிணம் காத்திருக்கும்.

வீடு எழும்பிக்கொண்டிருந்த நாட்களில் கொத்தனாரின் அப்பா அடிக்கடி வந்து செங்கல் அடுக்கின் மேல் உட்காருவார். நெஞ்சுச் சளி, மூச்சு வாங்கும். மகன் பூசுகிற சுவரைக் குறை சொல்லுவது அவருக்குப் பொழுதுபோக்கு. ஒருநாள், எங்கள் ஹால் வரப்போகிற இடத்தைக் கையை நீட்டிக் காட்டினார்.

"இந்தா, இந்த எடத்துல வச்சுத்தான் எங்கய்யா பாடை சரிஞ்சு போச்சு. மடைய அடைக்கிறேன்னாக, அடைக்கல. தண்ணி இழுக்குது. ஒத்தக் கையில பாடை, ஒத்தக் கையில அவரு காலப் புடிச்சிக்கிட்டு நின்னேன்." இருமல் வந்து நின்றது. பிறகு மகனைப் பார்த்தார். "எலேய், என்னைய நனைச்சுறாதீகடா."

"நீ மொதல்ல சாகுற வழியப் பாரு. ரோட்ட நான் பாத்துக்கிறேன்" என்றார் மகன், சாரத்தின் மேலிருந்து.

கிழவர் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை, கரண்டியால் சுவரை வழித்துக்கொண்டே இருந்தார். அப்பாவை நனையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்றுதான் மகனுக்கு இனி இந்த ஊரில் வேண்டியது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

வீடுகள் பெருகின. எங்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று தோன்றியது. பத்து வீட்டுக்கு மேல் சேர்ந்தால் தமிழனுக்குத் தோன்றுவதுதான். தலைவர், ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அதிகாரி ஒருவர், மேலூர்ப் பக்கத்துக்காரர். செயலாளர் நான். என் கையெழுத்து அழகாக இருந்தது, வேறு தகுதி எதையும் யாரும் விசாரிக்கவில்லை. பெயர் வைக்கும் கூட்டத்தில் ஒருவர் 'காலனி' என்று முடிகிற மாதிரி ஒரு பெயர் சொன்னார். எல்லாரும் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்தோம். 'நகர்' என்று வைத்தோம். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

அந்த நகரின் வரைபடத்தைப் பார்த்தால் பூங்காவுக்கு இடம் உண்டு, பள்ளிக்கூடத்துக்கு இடம் உண்டு. சாவுக்கு மட்டும் இடம் விடவில்லை. மனை வாங்கிய எங்கள் எல்லாருக்கும் ஒரு எண்ணம், சாவதென்றால் சொந்த ஊருக்குப் போய்ச் சாகலாம் என்று.

நகரின் நடுவே தெற்கு வடக்காக ஒரு அகல வீதி. எங்கள் வீடு அதன் தென்கோடியில் கடைசி வீடு. வீதியைப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்தால்தான் தாரும் தெருவிளக்கும் கிடைக்கும் என்றார்கள். மனு மேல் மனுவாக எழுதினேன். யூனியன் ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்தார், தேங்காய் உடைத்தார், நாங்கள் சுண்டல் கொடுத்தோம். தார் போட்டது பெரும்பாலும் கொத்தனார் தெரு ஆட்கள். அன்றிலிருந்து அவர்களும் அதில் நடந்தார்கள், சைக்கிளில் போனார்கள். பெண்கள் எங்கள் வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்க அந்த வழியாகத்தான் வந்தார்கள். யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. வேலைக்கு ஆள் வந்துகொண்டிருந்தவரை அது பொது வழி. அதில் பிணம் வரும் என்ற பேச்சு வந்த பிறகுதான் அது எங்கள் வீதி ஆயிற்று.

அந்தப் பேச்சு வரக் காரணம் இருந்தது. வாய்க்காலைத் தூர்த்த பிறகு கொஞ்ச காலம் அவர்கள் மேற்கே சுற்றி, கருவேலங்காட்டு வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு அங்கேயும் கல் ஊன்றி முள்கம்பி போட்டாகிவிட்டது. இனிமேல் இந்த வீதிதான் என்று அந்தத் தெருவில் பேசிக்கொண்டதாகச் செய்தி வந்தது. தலைவர் கூட்டம் போட்டார், எங்கள் வீட்டு முன்னறையில், அதாவது வாய்க்காலுக்கு நேர் மேலே.

"நான் யாரையும் குறைச்சுச் சொல்லலய்யா" என்று ஆரம்பித்தார். குறைத்துச் சொல்லப் போகிறவர்கள் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "கொட்டு, வேட்டுச் சத்தம், பூவை வேற வீதி பூராம் எறிவாங்க. படிக்கிற பிள்ளைக இருக்கு. தெக்க ஒரு இரும்புக் கேட்டைப் போட்டுருவோம். ஆளு நடக்க ஓரத்துல சந்து விட்டுருவோம்."

"என்னன்னு சொல்லிப் போடுறது? ரோடு பஞ்சாயத்துதாச்சே" என்றார் பாங்கி வேலைக்காரர் ஒருவர். பிறகு அவரே வழி சொன்னார். "மாடு நுழையுதுன்னு போட்டுருவோம்."

காப்பித் தட்டோடு வந்த என் மனைவி, "எந்த மாடு?" என்றாள்.

தலைவர் தட்டிலிருந்து ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டார்.

"இந்த வீதியில மாடு வச்சிருக்கிறது தலைவர் வீடு மட்டுந்தானே. அதுக்கு வழி தெரியுமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். காப்பி நன்றாக இருந்தது என்று தலைவர் சொன்னார். கால்நடைத் தொல்லை குறித்த தீர்மானம் என் அழகான கையெழுத்தில் நிறைவேறியது.

கேட்டுக்குத் தூண் கட்டவும் அந்தக் கொத்தனாரைத்தான் கூப்பிட்டார்கள். பக்கத்தில் அவரைவிட்டால் ஆள் கிடையாது. எங்கள் வீட்டு மதிலை ஒட்டித்தான் தூண். நூல் பிடித்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

"எதுக்கு சார் கேட்டு?"

"மாடு வருதாம்."

"மயிலையா, செவலையா?"

நான் தூணைப் பார்த்தேன். அவர் செங்கல் வைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நானே கேட்டுவிட்டேன். "இந்த வேலைய நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"நான் கட்டலைன்னா வேற ஆளு கட்டுவான் சார். அவன் பலமாக் கட்டிருவான்" என்றார்.

கேட்டு வந்தது, அதை மாட்டியதும் அவர்தான். ஒரே கதவு, பச்சைப் பெயிண்ட், தலைவரின் சொந்தப் பூட்டும் சங்கிலியும். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு நுழைய ஓரத்தில் ஒரு சந்து. பாத்திரம் தேய்க்க வருகிறவர்கள் அதன் வழியாக வந்தார்கள். அந்த ஆண்டு மழை பிந்தாமல் வந்தது. ஐப்பசியில் ஒரு காலை, தூறலில், கொத்தனார் எங்கள் வாசலில் வந்து நின்றார். துண்டு தோளில் கிடந்தது. நான் முதலில் பார்த்தது அதைத்தான். பெரியப்பா வீட்டுப் பழக்கம், கண் கக்கத்தைத் தேடியது.

"அப்பா தவறிட்டாரு சார். விடியக்காலம்."

அடுத்து அவர் கேட்டைப் பற்றிக் கேட்கப் போகிறார், அதற்கு என்ன சொல்லலாம் என்று உள்ளுக்குள் தயாரித்துக்கொண்டிருந்தேன். தலைவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்பதுதான் தயாராக வந்தது.

"கேக்க வரல சார்" என்றார், என் முகத்தைப் படித்துவிட்டவர் போல. "கேதம் சொல்ல வந்தேன். சாயங்காலம் எடுக்கிறோம். டீச்சர்கிட்டயும் சொல்லிருங்க."

சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அதற்கடுத்த வீட்டுக்கும். வீதியின் இரண்டு பக்கமும் அவர் கைபடாத வீடு அநேகமாகக் கிடையாது. ஒவ்வொரு வாசலிலும் நின்று, கேதம் சொல்லிவிட்டு, குடையில்லாமல் நடந்தார்.

சாவுக்கு வரச்சொல்லிக் கேதம் சொல்வது என்றால் என்னவென்று எங்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நகர் என்று பெயர் வைத்துக்கொண்டாலும் எல்லாருமே சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்தவர்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போகாமல் இருக்கலாம், காரணம் சொல்லிக்கொள்ளலாம். சொன்ன கேதத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. பங்காளிச் சண்டையில் வெட்டிக்கொண்டவர்கள்கூடப் போவார்கள். எங்கள் ஊர்களில் எங்கள் வீட்டுச் சாவை ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர்கள் அந்தத் தெருக்காரர்களின் உறவுமுறைகள்தான். தங்கள் சாவை அவர்கள் எங்களுக்குச் சொன்னது கிடையாது. சொல்ல ஒரு வாசல் இருப்பதாக அவர்களும் நினைத்ததில்லை, நாங்களும் நினைத்ததில்லை.

என் மனைவி பள்ளிக்கு லீவு சொல்லி அனுப்பினாள். ஈரத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "கேதம் சொல்லிட்டாக. போயிட்டு வாரேன்" என்றாள். குனிந்து சந்து வழியாகப் போனாள். என்னையும் வா என்று கூப்பிடவில்லை.

மதியம் தலைவர் வந்தார். கையில் பை, மடித்த குடை.

"நம்மகிட்ட வந்து கேதம் சொல்லிட்டுப் போறான்யா."

கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அது கோபமில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சொல்லாம இருந்திருந்தா வேற. சொல்லிட்டான்ல? எங்க மேலூர்ப் பக்கம் சொன்ன கேதத்தை விட்டவன் வீட்டுல நாளைக்கு ஒண்ணு விழுந்தா, தூக்க ஆள் வராது." பையைக் கை மாற்றிக்கொண்டார். "நான் ஊர் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"இன்னைக்கேவா?"

பதிலுக்கு என் கையில் சாவியை வைத்தார். "நீங்கதானய்யா செயலாளர்."

மழை வலுத்த நேரத்தில் கொட்டுச் சத்தம் கேட்டது. நான் குடையும் சாவியுமாக வெளியே வந்தேன். வீதியில் ஐந்தாறு பேர் அவரவர் வாசலில் நின்றார்கள். மற்ற வீடுகளில் ஜன்னல்கள் பாதி திறந்திருந்தன. கேட்டுக்கு அந்தப் பக்கம் பாடை வந்து நின்றுவிட்டது. முன்னால் கொத்தனார், ஈர வேட்டியோடு, கையில் கொள்ளிச் சட்டி. மழை படாமல் ஒருவர் அதன் மேல் முறத்தைப் பிடித்திருந்தார். பின்னால் பெண்கள், அவர்களுக்கு நடுவில் என் மனைவி.

சாவியைப் போட்டேன். அது உள்ளே போயிற்று, திரும்பவில்லை. மழையில் பூட்டு இறுகிவிட்டது. குடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் திருகினேன். சாவி வழுக்கிச் சேற்றில் விழுந்தது. எடுத்துத் துடைத்து மறுபடியும் போட்டேன். கொட்டு மெதுவாகி நின்றுவிட்டது. பாடையை நினைத்த இடத்தில் இறக்கி வைக்கக்கூடாது. தோள் கொடுத்தவர்கள் அப்படியே நின்றார்கள், அவர்கள் முகத்தில் தண்ணீர் வழிந்தது. மழைச் சத்தமும் நான் சாவி திருகுகிற சத்தமும் மட்டும்தான். பெரியப்பா வெற்றிலை போடுகிற நேரம் போல இருந்தது அது. அவர் வேண்டுமென்றே செய்தார், நான் முடியாமல் செய்தேன். தோளில் சுமக்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"விடுங்க சார்" என்றார் கொத்தனார். "நான் மாட்டுன கேட்டுதானே."

பக்கத்தில் நின்றவரைப் பார்த்து, "மாப்ள, கீழேருந்து ஒரு தூக்கு" என்றார்.

மூன்று பேர் குனிந்து தூக்கினார்கள். பானை மூடியைப் போலக் கேட்டு கீலைவிட்டுக் கழன்று வந்தது. பூட்டும் சங்கிலியும் பூட்டினபடியே இருக்க, அதை அப்படியே திருப்பி எங்கள் வீட்டு மதிலில் சாய்த்தார்கள். கொட்டு மறுபடியும் தொடங்கியது.

பெண்கள் அங்கேயே நின்றுகொண்டார்கள். ஆண்கள் போனார்கள், வீதியின் நடுவாக, தாரின் மேல். எங்கள் வீட்டைத் தாண்டுகிற இடத்தில் கொத்தனார் நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. எறிந்த பூவும் பொரியும் மழைத் தண்ணீரில் மிதந்து, பழைய வழியை ஞாபகம் வைத்துக்கொண்டதைப் போல எங்கள் வாசலுக்குள் வந்து சேர்ந்தன. நான் குடையை எடுக்க மறந்து பின்னாலேயே ஆறு வரைக்கும் போனேன். வீதியிலிருந்து இன்னும் இரண்டு மூன்று பேர் வந்திருந்தார்கள் என்பதைச் சுடுகாட்டில்தான் பார்த்தேன். அதற்கு மேல் யாரும் வரவில்லை, வந்ததாகக் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

தலைவர் மேலூரிலிருந்து வந்ததும் மதிலில் சாய்ந்திருந்த கேட்டைப் பார்த்தார்.

"என்னாச்சு?"

"மழையில கழண்டுக்கிருச்சு" என்றேன்.

"ம்" என்றார். இரண்டடி போனவர் நின்று, "நல்லபடியா எடுத்தாங்களா?" என்று கேட்டார். எடுத்தார்கள் என்றேன். அதன் பிறகு அந்தக் கேட்டைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேச்சு எழவில்லை. என் மனைவி அதில் பாகற்கொடியை ஏற்றிவிட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து, மொட்டைத் தலையில் முடி முளைக்கத் தொடங்கியபோது கொத்தனார் எங்கள் வாசற்படியை உயர்த்த வந்தார். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் ஹாலுக்குள் வந்துகொண்டிருந்தது. சும்மா இருக்காமல் நான் சொன்னேன். "அன்னைக்கு அந்த மழை இல்லாம இருந்திருக்கலாம். அவர் நனைக்காதீங்கன்னு சொன்னாரு, கடைசியில நனைஞ்சுட்டாரே."

அவர் கலவையைக் குழைத்துக்கொண்டே சொன்னார். "மேலேருந்து நனைஞ்சாப் பரவால்ல சார். அது எல்லாருக்கும் பெய்யுறது. கீழேருந்து நனையக்கூடாது, அம்புட்டுதான்."

புரோக்கர் சொன்ன பஸ், அவர் சொன்ன காலம் கடந்து வெகுநாள் கழித்து, வீதி முனை வரைக்கும் வந்தது. படியை உயர்த்தியும் தண்ணீர் வேறு வழி கண்டுபிடித்துவிட்டது. கனத்த மழை பெய்தால் படிக்கிற அறையின் தரையில் ஊறி வருகிறது. அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிற புத்தகங்கள் அடியிலிருந்து நனைந்து, உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வெயிலில் பிரித்துக் காயவைக்கும்போது அந்த மனிதர் சொன்னது ஞாபகம் வரும். கீழேயிருந்து நனைவது என்ன என்பது எனக்கு அந்த அளவுக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியும் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.